ஊசி போட்டபின் பத்து நிமிடம்

மார்ச் 3

'மழை பெய்தது' என்று இருந்ததை 'மழை பெய்துகொண்டிருந்தது' என்று மாற்றினேன். இன்று காலை முழுக்க நடந்த இலக்கியப் பணி இவ்வளவுதான்.

நடுவில் இரண்டு பேருக்குப் பல் பிடுங்கினேன், ஒருவருக்குச் சொத்தையை அடைத்தேன். வாயில் ஊசி போட்டுவிட்டு மரத்துப்போவதற்காகக் காத்திருக்கும் பத்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் என் எழுத்து நேரம். ஏழு வருஷமாக இப்படித்தான். மற்ற பல் மருத்துவர்கள் அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள், போன் பேசுவார்கள். நான் திரைக்குப் பின்னால் இருக்கும் கணினிக்கு ஓடுவேன். "மேடம், உதடு மரத்துடுச்சாம்" என்று சிஸ்டர் குரல் கொடுத்தால் பாதி வாக்கியத்தில் எழுந்துவிடுவேன். (சிஸ்டர் என் கிளினிக் உதவியாளர். என்னைவிட நாலு வயது மூத்தவர், என்னைவிடப் பொறுமைசாலி.) என் நாவலில் வாக்கியங்கள் குட்டையாக இருப்பதற்கு அதுதான் காரணம். பாணி, கீணி எல்லாம் ஒன்றும் இல்லை.

நாவலை எழுதி முடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து திருத்துகிறேன். நான் அனுப்ப நினைக்கும் அந்த இலக்கிய ஏஜென்ட் புது ஆட்களின் எழுத்தை ஏப்ரல் மாதத்தில் மட்டும்தான் வாங்கிப் பார்க்கிறார். முதல் மூன்று அத்தியாயமும் ஒரு பக்கக் கதைச் சுருக்கமும் போதுமாம். ஆனால் கூடவே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்: ஒரு நாவலை ஒரே ஒரு முறைதான் பார்ப்பேன், திருத்தி மறுபடி அனுப்ப வேண்டாம், தயாரானபின் அனுப்புங்கள்.

தயாரானபின்! அது எனக்கு எப்படித் தெரியும்? அவசரப்பட்டு அனுப்பினால் அந்த வாசல் அடைத்தது அடைத்ததுதான். அனுப்பாவிட்டால் இன்னொரு வருஷம். போன ஏப்ரலின் கடைசி நாளில் 'இன்னும் ஒரே ஒரு சுற்று' என்று சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். அந்த ஒரு சுற்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 5

மழை மறுபடியும் 'பெய்தது' ஆயிற்று.

மார்ச் 9

இவர் முதல் மூன்று அத்தியாயங்களை ஐந்தாவது தடவையாகப் படித்து முடித்தார். என் வீட்டுக்காரர் கணக்குத் தணிக்கை செய்கிறவர். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக்கூட வரி விடாமல் படிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தான் இருக்கு."

"அது என்ன 'தான்'?"

"சும்மா வாய்ல வந்துச்சு."

"போன தடவையும் 'தான்' போட்டீங்க."

"போன தடவையும் நல்லாத்தானே இருந்துச்சு."

அதற்குமேல் அந்த மனிதரை என்ன கேட்பது? ஐந்து தடவை படித்தவருக்கு எது புதுசு, எது பழசு என்றே தெரியாது. எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் இரண்டாம் பத்தியில் நான் எடுத்துவிட்ட ஒரு சொல்லை அவர் கவனிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 12

தங்கை போன் செய்தாள். அவளுக்கு ஏஜென்ட் என்றால் யார் என்று நாலாவது முறையாக விளக்கினேன்.

"வீடு பார்த்துக் குடுக்கிற புரோக்கர் மாதிரியா அக்கா?"

"கிட்டத்தட்ட. அவங்களுக்குப் பிடிச்சிருந்தா பதிப்பகத்துக்காரங்ககிட்ட எடுத்துட்டுப் போவாங்க. பேசி முடிச்சுத் தருவாங்க. அவங்க சொன்னாத்தான் பெரிய பதிப்பகங்கள் காது குடுத்துக் கேக்கும்."

"அப்ப அனுப்ப வேண்டியதுதானே?"

"இன்னும் தயாராகலடி."

"நீ அதை எழுதலக்கா, வளர்க்குற. படிக்க வச்சு, வேலைக்கு அனுப்பி, கல்யாணம் வரைக்கும் பண்ணிட்டுத்தான் வெளிய விடுவ போல."

போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் ஒரு பஸ் தாமதமாகத்தான் வரும்.

மார்ச் 16

ஞாயிறு. நாவல் தயாராகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என இணையத்தில் தேடினேன். உலகத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்கிறார். ஒருவர் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். ஒரு அம்மா, உங்களுக்கே படிக்கச் சலித்துவிட்டால் தயார் என்கிறார். எனக்குச் சலித்து ஒரு வருஷம் ஆகிறது, அம்மா.

எல்லோரும் ஒரே குரலில் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: ஏஜென்ட் படிப்பது முதல் சில பக்கங்களைத்தான், அவற்றை இழைத்து இழைத்துச் சரிசெய்யுங்கள். அதைத்தானே நானும் செய்கிறேன்? மற்ற இருபது அத்தியாயங்களுக்கும் சேர்த்துச் செலவழித்த நேரத்தைவிட இந்த மூன்றுக்குச் செலவழித்தது அதிகம். முதல் அத்தியாயத்தில் விடுதிக் கட்டடத்தின் வரலாறு, அந்த மழை. இரண்டாவதில் வார்டனின் இளமைப்பருவம். மூன்றாவதில் அவளுடைய அப்பா. பளிங்கு மாதிரி வைத்திருக்கிறேன். பிறகு ஏன் அனுப்பக் கை வரவில்லை?

பயம். வேறென்ன. எழுதி வைத்தாயிற்று, இனி இதைப் பார்க்க வேண்டாம்.

மார்ச் 20

வக்கீலம்மா வந்தார். முதல் முறை வருகிறவர். பேச்சை வைத்துப் பிழைப்பவர் என்பது உள்ளே நுழையும்போதே தெரிந்தது. அறை வாசலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் தன் பல்லின் வழக்கைத் தொடக்கத்திலிருந்து எடுத்துரைத்து, முந்தைய மருத்துவரைக் குறுக்கு விசாரணையும் செய்து முடித்துவிட்டார். கீழ்வரிசைக் கடைவாய்ப்பல். வேர் சிகிச்சை செய்தாக வேண்டும், மூன்று முறை வர வேண்டும் என்றேன். "மூணு வாய்தாவா?" என்றார்.

பஞ்சையும் குழாயையும் வாயில் வைத்த பிறகுதான் அறையில் அமைதி வந்தது. வழக்கம்போல் நான் ஆரம்பித்தேன். வாயைத் திறந்து படுத்திருப்பவர்கள் பயப்படாமல் இருப்பதற்காக நான் கதை சொல்வது உண்டு. நாவல் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கதைதான். சிஸ்டர் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பார், பாவம்.

"ஒரு லேடீஸ் ஹாஸ்டல். காலைல ஒரு ரூம் கதவு திறக்கல. தட்டித் தட்டிப் பாக்குறாங்க, உள்ள இருக்கிற பொண்ணு பதிலே சொல்லல. வாசல்ல அந்தப் பொண்ணோட அண்ணனுங்க ரெண்டு பேர் வந்து நின்னு, 'கதவைத் திற, கூட்டிட்டுப் போகணும்'னு கத்துறானுங்க. வார்டன் கைல மாத்துச்சாவி இருக்கு. ஆனா அவ திறக்க மாட்டேங்குறா."

வக்கீலம்மாவின் கண்கள் விரிந்தன. கருவி போட்ட சத்தத்தில் விரிந்ததா, கதையில் விரிந்ததா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். வாயடைத்த ரசிகர்களைத்தான் நான் ஏழு வருஷமாகச் சம்பாதித்து வைத்திருக்கிறேன். ஒருவராலும் மறுத்துப் பேச முடியாது.

மார்ச் 27

வக்கீலம்மாவுக்கு இரண்டாவது முறை.

வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்லித்தான் வேலையைத் தொடங்குவேன். கை தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன், அதில் மட்டும் நான் கறார். இன்று வார்டனை அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்தி வைத்து, அண்ணன்மார் படியேறி வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வக்கீலம்மா கையைத் தூக்கினார். பதறிப்போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல டாக்டர். சாவி கைல இருந்தும் அவ ஏன் திறக்கல? அதைச் சொல்லிட்டு மேல வேலையப் பாருங்க."

சிஸ்டர் திரும்பி நின்று சிரித்தார்.

"முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பொண்ணு வந்து, 'நாளைக்கு யார் வந்து கேட்டாலும் என் ரூமைத் திறக்காதீங்க'ன்னு சத்தியம் வாங்கியிருந்தா."

"சரி. ஆனா அவ உள்ள உயிரோட இருக்காளான்னே தெரியாதே? அப்பவும் சத்தியத்தைக் காப்பாத்துறதா?"

"அதுதான் கதை."

வக்கீலம்மா தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் தானாகத் திறந்தார். இருபது வருஷத் தொழிலில் வேர் சிகிச்சைக்கு இவ்வளவு ஆசையாக வாய் திறந்த ஒருவரை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 1

ஏஜென்ட் இன்றிலிருந்து வாங்குகிறார். நான் இன்று முதல் பக்கத்தில் ஒரு கமா வைத்தேன்.

ஏப்ரல் 3

வக்கீலம்மாவின் பல்லுக்கு உறை போட்டாயிற்று. வாய் முழுசாக அவர் கைக்குத் திரும்பியதும் முதல் கேள்வி: "புத்தகம் எங்க கிடைக்கும்?"

இன்னும் புத்தகம் ஆகவில்லை, கணினியில்தான் இருக்கிறது என்றேன். அப்படியானால் அச்செடுத்துக் கொடுங்கள் என்றார். இதுவரை என் நாவலைப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் என்னைக் கட்டிக்கொண்டவர், இன்னொருத்தி என்னோடு பிறந்தவள். இருவருக்கும் தப்பிக்க வழியில்லை. இந்த அம்மாவுக்கு என்னால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை, பல்கூட முடிந்துவிட்டது.

சாயங்காலம் இவர் ஆபீஸில் அச்செடுத்து, கயிறு கட்டிக் கொண்டு வந்து தந்தார். சிஸ்டர் மூலம் கொடுத்தனுப்பினேன். நேரில் கொடுக்கத் தைரியம் இல்லை.

ஏப்ரல் 8

ஒரு தகவலும் இல்லை. படிக்கிறாரா? படித்து, பிடிக்காமல், எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாரா? யோசித்துப் பேசுகிற ஆளாகத் தெரியவில்லையே.

ஏப்ரல் 11

வந்தார். முன்பதிவு இல்லாமல், மதிய இடைவேளையில், கறுப்புக் கோட்டோடு. தாள்கட்டை மேசைமேல் வைத்தார்.

"டாக்டர், ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்கக் கூடாது. நீங்க எனக்குச் சொன்ன கதையும் இந்தக் கதையும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அந்தக் கதவை நான் தேடுறேன், தேடுறேன், காணோம். ஒரு கட்டத்துல வேற கட்டைக் குடுத்துட்டீங்களோன்னு நினைச்சுட்டேன். கட்டடம் எப்பக் கட்டுனாங்க, அதுல யார் சுண்ணாம்பு அடிச்சாங்க, வார்டனோட அப்பா என்ன சட்டை போட்டாரு... நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, இல்லேன்னு சொல்லல."

நல்லாத்தான்! இவரும்!

"நாலாவது அத்தியாயத்துல கதவு வந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் நான் கீழ வைக்கல. கோர்ட்டுல என் கேஸைக் கூப்பிட்டது காதுல விழல. ஜூனியர் வந்து தோளைத் தட்டுறான்."

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் சுண்ணாம்பும் சட்டையும்தான். நன்றி சொன்னேன். இனிப்பு குறைத்துக்கொள்ளுங்கள், கடைவாயில் இரண்டு நாளைக்குக் கடிக்காதீர்கள் என்று சம்பந்தமில்லாமல் எதையோ சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஏப்ரல் 12

அவங்களுக்கு என்ன தெரியும்? நாவல்னா எடுத்த எடுப்புல கதவைத் தட்டணுமா? வார்டன் எங்க இருந்து வந்தவள்னு தெரியாம அவ சாவிய ஏன் திருப்பலன்னு எப்படிப் புரியும்? ஒன்றரை வருஷமாத் திருத்தியிருக்கேன்! அந்த அப்பாவோட சட்டையைப் பத்தி மட்டும் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! — கேஸ் கட்டு படிக்கிற மாதிரி படிச்சா அப்படித்தான் இருக்கும்.

தங்கையிடம் புலம்பினேன். அவள் மெதுவாக, "அக்கா, நானும் முதல் மூணைத் தாண்டிட்டுத்தான் படிச்சேன்" என்றாள். எப்போது? "முதல் தடவையே. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல."

போனை வைத்துவிட்டேன். இந்த முறை கோபம் உடனே வந்தது.

ஏப்ரல் 15

ஒருவருக்கு ஊசி போட்டுவிட்டு வந்து கணினி முன்னால் உட்கார்ந்தேன். எதையும் தொடவில்லை. சிஸ்டர் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"சிஸ்டர், நான் பேஷன்ட்டுங்களுக்குக் கதை சொல்றப்ப எங்கேருந்து ஆரம்பிப்பேன்?"

"கதவுலருந்து மேடம்."

"எப்பவுமா?"

"எப்பவும் அதேதான். 'ஒரு லேடீஸ் ஹாஸ்டல், காலைல ஒரு ரூம் கதவு திறக்கல.' எனக்கு மனப்பாடம்."

"வார்டனோட அப்பாவைப் பத்தி எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

சிஸ்டர் கையிலிருந்த துணியோடு திரும்பினார். "வார்டனுக்கு அப்பா இருக்காரா மேடம்?"

ஏழு வருஷம். இந்த அறையில், அந்த விளக்கின் அடியில், வலியோடு படுத்திருக்கும் ஒரு மனுஷனின் கவனத்தை நான் பிடித்தாக வேண்டும் என்ற நிலையில், ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட நான் மழையிலிருந்து தொடங்கியதில்லை. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் வாய்க்குத் தெரிந்திருக்கிறது.

உதடு மரத்துவிட்டதாம். எழுந்து போனேன்.

ஏப்ரல் 16

தெரிந்தது வேறு, செய்வது வேறு.

மூன்று அத்தியாயத்தையும் எடுத்துவிட்டால் ஏஜென்ட்டுக்குப் போகப்போவது நாலும் ஐந்தும் ஆறும். அவற்றை நான் முதல் மூன்றைப் போலச் சீவிச் சிங்காரித்து வைக்கவில்லை. எழுதியபடியே கிடக்கின்றன. நாள் வேறு ஓடுகிறது. பேசாமல் அடுத்த ஏப்ரலுக்கு —

இல்லை. அந்தப் பேச்சே வேண்டாம்.

ஏப்ரல் 18

எடுத்துவிட்டேன்.

பழையதை வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் எடுத்தேன், அவ்வளவு வீராங்கனை இல்லை நான். கிளினிக்குக்கு இன்று விடுமுறை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, முதலில் மழை போயிற்று. பிறகு சுண்ணாம்பு. அப்பாவின் சட்டையிடம் வந்தபோது உண்மையாகவே அழுதேன். பல் பிடுங்கும்போது மற்றவர்களிடம் 'ஒரு நிமிஷம்தான், பல்லைக் கடிச்சுக்கங்க' என்று கூசாமல் சொல்கிறேனே, அந்தப் பாவமெல்லாம் இன்று என்னைப் பிடித்தது.

மூன்று அத்தியாயங்களிலிருந்து பிழைத்தவை இரண்டே விஷயங்கள். வார்டன் பதினெட்டு வயதில், பூட்டிக்கொண்டிருந்த ஒருத்தியின் கதவை, தேடி வந்தவர்களுக்குத் திறந்துவிட்டது. அப்பா அதற்காக அவளைப் பாராட்டியது. அந்த இரண்டும் கதவுக்கு முன்னால் அவள் நிற்கும்போது, அவள் நினைப்பில், ஆறு வரியில் வந்து உட்கார்ந்துகொண்டன. அறுபது பக்கமாக நான் சொல்ல முயன்றது இந்த ஆறு வரியைத்தான் போலிருக்கிறது.

ஏப்ரல் 19

புதிய முதல் அத்தியாயத்தை அச்செடுத்து அடுப்படி மேடையில் வைத்திருந்தேன். இவர் காபிக் கோப்பையோடு வந்தவர், நின்றபடியே முதல் தாளை எடுத்தார். உட்காரவில்லை. காபியைக் குடிக்கவும் இல்லை. கடைசித் தாள் முடிந்ததும் மேடையில் கையால் தேடினார்.

"அடுத்த பக்கம் எங்க?"

"இதுவரைக்கும்தான் அச்செடுத்தேன். நீங்கதான் முழுசையும் முன்னாடியே படிச்சாச்சே, என்ன நடக்கும்னு தெரியுமே?"

"தெரியும். இருந்தாலும் எங்க?"

'தான்' இல்லை. இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை அடிக்கடி மறந்துபோகிறேன்.

ஏப்ரல் 20

தங்கையிடம் நானே பேசினேன். தாண்டிப் படித்ததற்கு அவளும், போனை வைத்ததற்கு நானும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். கூடவே அவள் இன்னொன்றும் சொன்னாள்: பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அண்ணன்களில் சின்னவன் திடீரென்று நல்லவனாகிவிடுகிறானாம், அது நம்பும்படி இல்லையாம். அவள் சொல்வது சரி. முன்பானால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

"இவ்வளவு நாள் நீ என்கிட்ட நல்லா இருக்கான்னு கேட்ட. எங்க இடிக்குதுன்னு இப்பத்தான் கேக்குற" என்றாள்.

ஏப்ரல் 25

ஐந்து நாளாக முழு நாவலையும் இவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சாயங்காலம் வந்ததும் கூடத்தில் நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். வாய் திறந்து படுத்திராத, எழுந்து போகும் உரிமையுள்ள ஒரு ஆளுக்கு வாசிப்பது கஷ்டமான காரியம். இரண்டு இடத்தில் கொட்டாவி விட்டார். அந்த இரண்டு இடத்தையும் வெட்டினேன். சின்ன அண்ணனையும் சரிசெய்தேன். அவன் நல்லவனாக வேண்டாம், களைத்துப்போனால் போதும்.

நேற்றும் இன்றும் வேறொன்று கவனித்தேன். காலையில் ஒரு சொல்லை மாற்றினேன், மதியம் அதைப் பழையபடி வைத்தேன். இன்னொன்றை மாற்றினேன், அதையும் திருப்பி வைத்தேன். பல்லை அடைத்து முடித்ததும் ஒரு நீலத்தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வோம். உயரமாக இருக்கும் இடத்தில் நீலம் படியும், அங்கே மட்டும் தேய்ப்போம். நீலம் படியாத இடத்தைத் தேய்த்தால் பல்தான் குறையும். இவ்வளவு நாள் எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. முந்தாநாள் வரை நான் மாற்றியதில் நாவல் நன்றாயிற்று. இப்போது மாற்றினால் வேறாகிறது, அவ்வளவுதான்.

குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கும். எனக்குத் தெரிந்த குறைகளெல்லாம் முடிந்தன. மிச்சத்தைப் பார்க்க வேறு கண் வேண்டும். தயார் என்றால் இதுதானோ?

ஏப்ரல் 28

அனுப்பிவிட்டேன்.

இவர் பக்கத்தில் நின்று மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார், தணிக்கை செய்வதைப் போல. "அனுப்பட்டுமா?" என்றேன். "என்னைக் கேக்காத" என்றார். பொத்தானை அழுத்தினேன். அது ஒரு சின்னச் சத்தம் போட்டது. ஏழு வருஷத்துக்கு அந்தச் சத்தம் போதாது என்று தோன்றியது.

கையோடு கையாக இன்னொரு ஏஜென்ட்டுக்கும் அனுப்பினேன். துணிச்சல் இருக்கும்போதே.

ஏப்ரல் 29

கதைச் சுருக்கத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று என்னால் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 14

இரண்டாவதாக அனுப்பியவரிடமிருந்து பதில். மூன்று வரி. நன்றி, எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை, வாழ்த்துகள்.

மத்தியானம் இரண்டு பேருக்கு ஊசி போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்ச் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய கோப்பைத் திறந்து, அந்த மழையை மட்டும் முன்னால் கொண்டுவந்து வைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு. தங்கைக்குச் செய்தி அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அந்த மழை திரும்ப வந்துச்சு, நான் குடையோட வந்து உன்ன அடிப்பேன்."

"பிடிக்கலன்னு சொல்லிட்டாங்களேடி."

"பொருந்தலன்னுதானே சொன்னாங்க? உன் கிளினிக்குக்கு வர்றவங்க எல்லாரும் உன்கிட்டயே பல் கட்டிக்கிறாங்களா?"

அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. புதிய முதல் பக்கத்தை ஒருமுறை படித்தேன். எங்கேயாவது இடிக்கிறதா என்று நேர்மையாகப் பார்த்தேன். இடிக்கவில்லை. மூடிவிட்டேன்.

மே 30

பதில் இல்லை. பத்து நிமிட நேரங்களில் என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்று அலமாரியைச் சுத்தம் செய்தேன். சிஸ்டர் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா மேடம்?" என்றார்.

ஜூன் 8

இல்லை.

ஜூன் 19

காலையில் முதலாவதாக வந்தவர் ஒரு பெரியவர், தள்ளாடும் மேல் பல்லைப் பிடுங்க வேண்டும். ஊசி போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் வந்தேன். மின்னஞ்சல் வந்திருந்தது, அந்த ஏஜென்ட்டிடமிருந்து. முதல் வரியைப் படித்துவிட்டு நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

மூன்று அத்தியாயங்களையும் நேற்று ஒரே மூச்சில் படித்தாராம். மீதி முழுவதும் வேண்டுமாம். நாளை ஒரு நீண்ட ரயில் பயணம் இருக்கிறது, வழியில் படிக்க நினைக்கிறேன், இன்றே அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். பிடித்தது என்றோ எடுத்துக்கொள்கிறேன் என்றோ சொல்லவில்லை. அதெல்லாம் படித்த பிறகுதான். நடுவில் ஓரிடத்தில் சந்தேகம் இருக்கிறது, முழுவதும் படித்துவிட்டுப் பேசுவோம் என்று மட்டும் ஒரு வரி. பேசுவோம்! அந்தச் சொல்லையே ஐந்தாறு தடவை படித்தேன்.

அழுதேனா? கொஞ்சம். சிஸ்டர் என்ன மேடம் என்று வந்து நின்றார். கணினித் திரையைக் காட்டினேன். படித்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதிலில் இரண்டு வரி எழுதினேன். நாவலைத் தேர்ந்தெடுத்து இணைத்தேன். கை அதைத் திறக்கப் போனது, ஒரு பார்வை, சும்மா முதல் பக்கம் மட்டும் — கையை இழுத்துக்கொண்டேன். திறக்கவில்லை. அனுப்பினேன்.

மரத்துப்போக இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரத்தில் செய்ய எனக்கு ஒரு வேலையும் இல்லை. பெரியவர் நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தபடி படுத்திருந்தார். பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பயமா இருக்குங்களா ஐயா?" என்று கேட்டேன். கொஞ்சம் என்றார். எங்கிருந்து வருகிறீர்கள், வீட்டில் யார் யார் என்று கேட்டேன். பாதி மரத்த உதட்டோடு அவர் சொல்லத் தொடங்கினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.